தேடப் போனவர்கள் சுற்றிப் பார்த்தார்கள்

சிசிலியின் கிழக்குக் கரையில், தவோர்மினா என்ற மலையூரில், சான் தொமெனிகோ என்றொரு ஹோட்டல் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் துறவிகளின் மடமாகத் தொடங்கி, 1896இல் ஹோட்டலாக மாறிய கட்டடம். தோட்டத்தில் நின்றால் ஒரு பக்கம் அயோனியக் கடல், இன்னொரு பக்கம் எட்னா எரிமலை. 'தி வைட் லோட்டஸ்' தொடரின் இரண்டாவது சீசன் (2022) பார்த்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே பழக்கம். "சிசிலியில் கட்டாயம் பார்க்க வேண்டிய 10 இடங்கள்" வகைப் பட்டியல்களில் தவோர்மினா எப்போதுமே உண்டு. இப்போது அதற்குள் இந்த ஹோட்டலும் ஒரு தனி ஐட்டமாகச் சேர்ந்துகொண்டது. அறை எடுத்துத் தங்க முடியாதவர்கள் வாசலில் நின்றாவது ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இதே ஹோட்டலில் 62 வருஷத்துக்கு முன்னால் இன்னொரு படம் முடிந்தது. மைக்கேலாஞ்சலோ அந்தோனியோனியின் 'லாவ்வெந்தூரா' (1960). அதிலும் பணக்காரர்கள் சிசிலிக்கு விடுமுறைக்கு வருகிறார்கள். அதிலும் கடல் ஓர் ஆளை எடுத்துக்கொள்கிறது. கான் திரைப்பட விழாவில் அதைப் பார்த்தவர்கள் கூச்சல் போட்டுக் கிண்டலடித்தார்கள். அதே விழாவில் அதற்கு ஜூரி பரிசும் கிடைத்தது. மத்தியதரைக்கடல் தீவு விடுமுறை என்கிற விஷயத்தைப் பற்றி இதைவிடக் கறாரான ஒரு விமர்சனத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு வருவதற்கு முன்னால் பட்டியலைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நான் சிசிலிக்குப் போனதில்லை. அந்தப் பட்டியல்களை ஓர் எழுத்து வகையாகத்தான் படிக்கிறேன், கொஞ்சம் போதையோடு. அதன் இலக்கணம் எளிது. முழுக்க ஏவல் வினை: போங்கள், பாருங்கள், சாப்பிடுங்கள், தவறவிடாதீர்கள். அதில் காலம் கிடையாது. எல்லா ஊரும் எப்போதும் வெயிலில், எப்போதும் சாயங்காலம் ஆறு மணியில் நிற்கும். ஆட்களும் கிடையாது, இருந்தால் "அன்பான உள்ளூர் மக்கள்". வழி சொல்லும் எழுத்து நமக்கொன்றும் புதுசு இல்லை, ஆற்றுப்படை முழுக்கவே அதுதான். ஆனால் அங்கே சொல்கிறவன் போய்வந்தவன், கேட்கிறவன் பசியோடு நிற்பவன். அதனால் வழியில் என்ன கெடுதல் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். மலைபடுகடாம் பாம்பு ஒளிந்திருக்கும் குழிகளைக்கூட விடுவதில்லை. நம் காலத்துப் பட்டியலில் பாம்பு கிடையாது. சிசிலி விஷயத்தில் இது வெறும் அழகியல் குறை மட்டும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

*

முதலில் ஒரு வேடிக்கை. சிசிலிப் பட்டியலில் இருக்கும் இடங்களில் பாதி, வேறு எதற்கோ பதிலாக நிற்பவை.

'காட்ஃபாதர்' ரசிகர்கள் போகும் ஊர் சவோகா. மைக்கேல் கொர்லியோனே தன் வருங்கால மாமனாரிடம் பெண் கேட்கும் விதெல்லி பார் அங்கேதான் இருக்கிறது. வெளியில் உட்கார்ந்து எலுமிச்சை கிரனீதா சாப்பிடலாம். எதிரில் கேமராவோடு நிற்கும் கொப்போலாவை எஃகுத் தகட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நிஜமான கொர்லியோனே ஊர் இருப்பதோ தீவின் மேற்குப் பக்கம், பலெர்மோவுக்குத் தெற்கே. 1970களின் தொடக்கத்திலேயே அது கதைக்குத் தேவையான அளவு பழசாக இல்லை. அதனால் கொப்போலா கிழக்கே வந்து சவோகாவையும் ஃபோர்ட்சா தக்ரோவையும் கொர்லியோனே ஆக்கிக்கொண்டார்.

அந்த நிஜ ஊரில் பிளாசிதோ ரித்ஸோத்தோ என்று ஒரு தொழிற்சங்கத் தலைவர் இருந்தார். நிலமில்லாத விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு, தரிசாகக் கிடந்த பண்ணை நிலங்களைக் கேட்டவர். 1948 மார்ச் 10ஆம் தேதி இரவு அவரைக் கடத்திக் கொன்று, ரோக்கா புஸாம்ப்ரா மலையின் ஒரு பிளவுக்குள் போட்டுவிட்டார்கள். மலையிலிருந்து 2009இல் எடுத்த எலும்புகள் அவருடையவைதான் என்று மரபணுச் சோதனையில் உறுதியானது 2012இல். அந்த வருஷம்தான் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. 64 வருஷம். மாஃபியா விசாரணைக் காகிதங்களை வைத்திருக்கும் ஆவணக் காப்பகம் ஒன்று கொர்லியோனேயில் இருக்கிறது. ஆனால் கிரனீதா சவோகாவில்தான் நல்லா இருக்குமாம்.

'மலேனா' பார்த்துவிட்டு சிராகூஸாவின் பேராலயச் சதுக்கத்தில் மோனிகா பெலூச்சி நடந்த நடையை நடந்து பார்ப்பவர்கள் தனி ரகம். படத்தில் அந்த ஊரின் பெயர் கஸ்தெல்குதோ. அப்படி ஓர் ஊரே கிடையாது. இன்ஸ்பெக்டர் மொந்தல்பானோ கதைகள் நடக்கும் விகாத்தாவும் கிடையாது. ஆந்த்ரேயா கமில்லேரி தான் பிறந்த போர்த்தோ எம்பெதோக்ளேயை மனசில் வைத்து எழுதினார். 1999இல் ஆரம்பித்த டிவி தொடரைப் பெரும்பாலும் ரகூஸா பக்கம் எடுத்தார்கள். போர்த்தோ எம்பெதோக்ளேக்குப் பொறுக்கவில்லை. 2003இல் ஊர்ப்பெயரோடு 'விகாத்தா'வைச் சேர்த்துக்கொண்டது. சில வருஷத்தில் அதைத் திரும்ப எடுத்தும் விட்டது. கற்பனை ஊரிடம் தன் பெயரைக் கடன் கேட்ட அந்த நகராட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றுலா இல்லாவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. போர்டு மாட்டுகிறவர்களை வெளியில் இருந்துகொண்டு நக்கலடிப்பது சுலபம்.

*

பதிலிகளின் பதிலி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 'தி லெப்பர்ட்' நாவலின் தொன்னஃபுகாதா அரண்மனை. ஜூசெப்பே தொமாஸி தி லாம்பெதூசா எழுதிய ஒரே நாவல். மொந்ததோரி, எய்னௌதி என்று இரண்டு பெரிய பதிப்பகங்கள் நிராகரித்தன. 1957 ஜூலையில் அவர் இறந்துபோனார். 1958இல் ஃபெல்த்ரினெல்லி வெளியிட்டது. மறு வருஷம் ஸ்த்ரேகா பரிசு.

ரகூஸாவுக்குப் பக்கத்தில் 'கஸ்தெல்லோ தி தொன்னஃபுகாதா' என்று ஒரு கோட்டை-மாளிகை இருக்கிறது. பட்டியல்கள் அதை 'தி லெப்பர்ட்' நாவலோடு சேர்த்துப் பேசுவதைப் பார்க்கலாம். பெயர் ஒன்றுதான், மற்றபடி சம்பந்தம் இல்லை. விஸ்கோந்தி 1963இல் நாவலைப் படமாக்கியபோது தொன்னஃபுகாதாவுக்காக சிமின்னா என்ற ஊரைப் பிடித்து, சதுக்கத்தில் இருந்த வீடுகளுக்கு முன்னால் ஓர் அரண்மனை முகப்பையே செட் போட்டார். உள் அறைகளில் பலவற்றை ரோமுக்குப் பக்கத்து அரிச்சாவில் எடுத்தார். கோட்டை ஓரிடம், முகப்பு ஓரிடம், அறைகள் இன்னோரிடம். நிஜ அரண்மனை எங்கே?

லாம்பெதூசா சின்ன வயதில் விடுமுறைக்குப் போன வீடு, தீவின் மேற்கே பெலிச்சே பள்ளத்தாக்கில் உள்ள சாந்தா மர்கரீதா ஊரில் இருந்த அவருடைய அம்மா வழி அரண்மனை. தொன்னஃபுகாதாவுக்கு அதுதான் மூலம். குடும்பம் அதை விற்றுவிட்டது. பலெர்மோவில் அவர் பிறந்த வீடு 1943 ஏப்ரல் 5ஆம் தேதி நேசநாடுகளின் குண்டுவீச்சில் போனது. இந்த இரண்டு வீடுகளும் இல்லாமல் போன பிறகுதான், ஐம்பதுகளில், நாவலை எழுத உட்கார்ந்தார். தான்க்ரேதியும் ஆஞ்செலிகாவும் அரண்மனையின் பாழ் அறைகளில் சுற்றி அலையும் பகுதியை இது தெரிந்த பிறகு திரும்பப் படித்துப் பாருங்கள். 1862இல் நடக்கும் நடன விருந்தின் நடுவே, கூரை ஓவியத்தில் மிதக்கும் தேவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறவர், 1943இல் ஓர் அமெரிக்க குண்டு வரப்போவதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நடனத்துக்குத் திரும்பிவிடுகிறார். நாவல் முழுக்க இந்தத் தொனிதான். அறைகளை வர்ணிக்கிறவனுக்கு அவை இடிந்துவிட்டன என்று தெரியும்.

விஸ்கோந்தி மகா கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவருடைய படம் நாவலுக்குச் செய்தது, பட்டியல் சிசிலிக்குச் செய்வதைத்தான் என்று எனக்குத் தோன்றும். போன வீட்டை அவர் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டார். பட்டுத்திரை, வெள்ளிப் பாத்திரம், மெழுகுவர்த்திகள், முக்கால் மணி நேர நடனம் எல்லாமே இருக்கிறது, போனது எதுவுமே இல்லை. நாவலின் முடிவில், பாடம் செய்து வைத்திருந்த பழைய நாயைக் குப்பையில் தூக்கி எறிகிறார்கள். படத்தில் அந்தக் கடைசி அத்தியாயமே கிடையாது. நெட்ஃப்ளிக்ஸ் தொடர் (2025) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணிமணி நன்றாக இருக்கிறது.

இனி அந்தப் பள்ளத்தாக்கு. 1968 ஜனவரி 14ஆம் தேதி இரவிலிருந்து 15 விடிவதற்குள் பெலிச்சேயில் நிலநடுக்கம். சாந்தா மர்கரீதா அரண்மனை நொறுங்கியது. அக்கம்பக்கத்து ஊர்கள் தரைமட்டம். ஜிபெல்லினா என்ற ஊர் முழுசாகவே போனது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பிழைத்தவர்கள் வருஷக்கணக்கில் தகரக் கொட்டகைகளில் கிடந்தார்கள், சில குடும்பங்கள் பத்து வருஷத்துக்கும் மேலே. பல கிலோமீட்டர் தள்ளி ஒரு புது ஜிபெல்லினாவைக் கட்டியபோது, மேயர் லுதோவிகோ கொர்ராவோ இத்தாலியின் கலைஞர்களையெல்லாம் கூப்பிட்டார். ஆல்பர்த்தோ புர்ரி வந்து பார்த்துவிட்டு, புது ஊரில் எனக்கு வேலை இல்லை, பழைய ஊரில் செய்கிறேன் என்றார்.

அவர் செய்ததுதான் 'க்ரெத்தோ'. வெடிப்பு என்று அர்த்தம். இடிபாடுகளை ஒதுக்கிச் சேர்த்து, அவற்றின் மேல் வெள்ளை சிமென்ட் ஊற்றினார். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான சிமென்ட் பாளங்கள், சுமார் 85,000 சதுர மீட்டருக்கு. பாளங்களுக்கு நடுவே நடக்கிற மாதிரி சந்துகள். அவை ஓரளவுக்குப் பழைய ஊரின் தெருக்களையே பின்பற்றிப் போகின்றன. 1984இல் தொடங்கி 1989இல் பணம் இல்லாமல் நின்றது, 2015இல்தான் முடிந்தது. அதற்குள் புர்ரி இறந்து இருபது வருஷம் ஆகிவிட்டது.

வீட்டுச் சாமான், சட்டி பானை, பொம்மை எல்லாவற்றையும் சேர்த்து சிமென்ட் போட்டு மூடியது சரியா? அந்தக் கேள்வி நியாயமானது. வீட்டை இழந்தவர்களுக்குத் தேவைப்பட்டது வீடு, சிற்பம் இல்லை. ஆனால் பட்டியலில் இருக்கும் இடங்களிலேயே, போய் நின்றால் பார்க்க ஒன்றும் இல்லை என்று நேராகச் சொல்வது இது ஒன்றுதான். இங்கே ஒரு கதவு இருந்தது என்றோ, இது இன்னார் வீடு என்றோ போர்டு இல்லை. தெருவில் நடக்கலாம், எந்தத் தெரு என்று தெரியாது. இதையும் டிரோனில் எடுத்து ரீல்ஸ் போடுகிறார்கள், மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். தரையில் நடக்கிறவனுக்கு அந்த அழகு கிடைக்காது.

*

இப்போது 'லாவ்வெந்தூரா'வுக்கு வரலாம்.

கதை இவ்வளவுதான். ரோமிலிருந்து ஒரு பணக்காரக் கூட்டம் படகில் சிசிலிக்கு வடக்கே இருக்கும் எயோலியத் தீவுகளுக்கு வருகிறது. லிஸ்கா பியாங்கா என்ற பாறைத் தீவில் இறங்குகிறார்கள். அங்கே ஆன்னா என்ற பெண் காணாமல் போகிறாள். அவளுடைய காதலன் சாந்த்ரோவும் தோழி கிளவுதியாவும் தேடுகிறார்கள். முதலில் தீவில், பிறகு சிசிலி முழுக்க. ஆன்னா கிடைப்பதில்லை. அவளுக்கு என்ன ஆனது என்று படம் கடைசி வரை சொல்வதும் இல்லை. சொல்லாததைவிடப் பயங்கரம், ஒரு கட்டத்தில் யாரும் கேட்பதையே நிறுத்திவிடுவது.

பலரும் இந்தப் படத்தை நவீன மனிதனின் அந்நியமாதல் என்று எழுதி எழுதித் தேய்த்துவிட்டார்கள். நான் அதை ஒரு பயணத்திட்டமாகப் படிக்கச் சொல்வேன். தீவு, மிலாத்ஸோ, மெஸ்ஸினா, ஆள் குடியேறாத ஒரு புதுக் கிராமம், நோத்தோ, தவோர்மினா. ஆன்னாவைப் பார்த்ததாக யாரோ சொன்ன துப்பைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். ஆனால் ஊருக்கு ஊர் துப்பு மெலிந்துகொண்டே போகிறது, காட்சி அழகு கூடிக்கொண்டே போகிறது. மிலாத்ஸோவில் போலீஸ் விசாரணை. நோத்தோவில் தேவாலய மாடியில் ஏறி மணிக்கயிற்றை இழுத்து விளையாட்டு. தேடல் எந்த இடத்தில் டூர் ஆனது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்தோனியோனி அந்தக் கோட்டை நமக்கே தெரியாமல் தாண்டவைக்கிறார். நோத்தோ வரும்போது நாமும் பரோக் முகப்புகளைத்தான் ரசித்துக்கொண்டு இருக்கிறோம். ஆன்னாவை நாமும் மறந்தாச்சு.

நோத்தோவில் ஒரு சின்னக் காட்சி உண்டு. கட்டடக்கலை ஆகக் கனவு கண்டு, கடைசியில் மற்றவர்களின் திட்டங்களுக்கு எஸ்டிமேட் போட்டுச் சம்பாதிக்கும் ஆள் சாந்த்ரோ. ஓர் இளைஞன் தேவாலயச் சுவரின் ஒரு மாடத்தைப் பொறுமையாகப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறான். சாந்த்ரோ கையில் இருக்கும் சாவிச்சங்கிலியை ஆட்டிக்கொண்டே வந்து, தற்செயலாக நடந்ததுபோல் மைப்புட்டியை அந்தப் படத்தின் மேல் தட்டிவிடுகிறான். பார்ப்பதற்கும் பார்த்தாச்சு என்பதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு தட்டலில் இருக்கிறது. ஒருத்தன் ஒரே மாடத்தின் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதை இன்னொருத்தனால் தாங்க முடியவில்லை.

தவோர்மினா ஹோட்டலில் கிளவுதியா ஓர் இரவு தூங்காமல் இருக்கிறாள். ஆன்னா செத்திருப்பாளோ என்று ஆரம்பத்தில் பயந்தவள், இப்போது ஆன்னா உயிரோடு திரும்பி வந்துவிடுவாளோ என்று பயப்படுகிறாள். இந்த வரியை எழுதும்போதும் எனக்குக் குளிர்கிறது. காணாமல் போனவர் திரும்பி வந்தால் விடுமுறை கெட்டுவிடும்.

'தி வைட் லோட்டஸ்' எழுதிய மைக் ஒயிட்டுக்கு இதெல்லாம் தெரியும். நோத்தோவில் தனியாக நிற்கும் மோனிகா விட்டியை ஊர் ஆண்கள் சூழ்ந்துகொண்டு முறைக்கும் காட்சியை, ஆப்ரி பிளாசாவை வைத்து அப்படியே திரும்ப எடுத்திருக்கிறார். 'காட்ஃபாதர்' படப்பிடிப்பு இடத்துக்கு டூர் போகும் மூன்று தலைமுறை ஆண்களை உட்காரவைத்து, அந்தப் படத்தை ஏன் ஆண்களுக்குப் பிடிக்கிறது என்று அப்பனையும் மகனையும் சண்டை போடவைத்திருக்கிறார். புத்திசாலித்தனமான தொடர்தான். ஆனால் அது ஆரம்பிப்பதே கடலில் மிதக்கும் ஒரு பிணத்தோடு. யாருடைய பிணம் என்று தெரிந்துகொள்ள ஏழு எபிசோட் காத்திருக்கிறோம், வாராவாரம் ஊகம் செய்கிறோம். கடைசியில் பெயர் தெரிந்ததும் ஒரு திருப்தி. அந்தோனியோனி அந்தத் திருப்தியைத்தான் கொடுக்க மறுத்தார். ஒயிட் சுற்றுலாப் பயணிகளைக் கிண்டல் செய்தார். சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்த்துவிட்டு அதே ஹோட்டலைத் தேடி வந்தார்கள். நையாண்டி விளம்பரமாக மாறுவதற்கு ஆன நேரம் ஒரு சீசன்கூட இல்லை.

*

கடலில் மிதக்கும் பிணம் என்று சொன்னேன். சிசிலிக்குத் தெற்கே அது திரைக்கதை உத்தி இல்லை.

லாம்பெதூசா என்பது அந்த எழுத்தாளரின் குடும்பப் பட்டம் மட்டும் அல்ல, துனீசியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நிஜமான ஒரு சின்னத் தீவும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருடைய முன்னோர்கள் அதை நேப்பிள்ஸ் அரசுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே முயல் தீவுக் கடற்கரை என்று ஒன்று இருக்கிறது. 2013இல் டிரிப்அட்வைசர் பயணிகள் தேர்வில் உலகிலேயே சிறந்த கடற்கரை என்று முதலிடம் பெற்றது. அதே 2013இல், அக்டோபர் 3ஆம் தேதி விடியற்காலை, லிபியாவிலிருந்து வந்த ஒரு படகு அந்த முயல் தீவுக்கு எதிரிலேயே தீப்பிடித்துக் கவிழ்ந்தது. பெரும்பாலும் எரித்திரியாக்காரர்கள். 360 பேருக்கு மேல் செத்தார்கள், 155 பேர் பிழைத்தார்கள். ஒரே வருஷம், ஒரே தண்ணி.

ஜான்ஃப்ராங்கோ ரோஸியின் 'ஃபயர் அட் சீ' (2016, பெர்லினில் தங்கக் கரடி) இந்தத் தீவைப் பற்றிய ஆவணப்படம். பாதி நேரம் தீவுச் சிறுவன் ஒருவன் கவண் வைத்துக்கொண்டு சுற்றுகிறான், பள்ளிக்கூடம் போகிறான், படகில் வாந்தி எடுக்கிறான். மீதி நேரம் கடற்படை ஆட்களை மீட்கிறது, உடல்களை எடுக்கிறது. இரண்டும் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. சந்திக்காமல் வைத்ததுதான் ரோஸியின் தைரியம். சிறுவனுக்கு ஒரு கண் சோம்பல் கண். சரியாக இருக்கும் கண்ணை மூடிவிட்டு, சோம்பல் கண்ணால் பார்க்கப் பழக்குகிறார்கள். எந்த நாவலாசிரியனாவது இதை எழுதியிருந்தால், ரொம்ப வெளிப்படையான படிமம் என்று நானே திட்டியிருப்பேன். நிஜத்தில் நடந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இனி தீவின் தென்கிழக்கு முனை. பட்டியல்கள் இங்கே இரண்டு இடம் சொல்லும். ஒன்று மார்த்ஸமேமி: சூரை மீன்பிடிக் குடியிருப்பாக இருந்த ஊர், சதுக்கத்தில் நீல நாற்காலிகள், மீன் சாப்பாடு. இன்னொன்று போர்த்தோபாலோவின் தென்கோடி, காற்றாடிப் பலகையில் அலை மேல் பறக்கிறவர்களின் கடற்கரை. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

மார்த்ஸமேமிக்கு எதிரே கடலடியில் ஆறாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. பைசாந்தியப் பேரரசிலிருந்து ஒரு தேவாலயத்தையே துண்டு துண்டாக, செதுக்கிய பளிங்குத் தூண்களாகவும் தூண்தலைப்புகளாகவும் ஏற்றிக்கொண்டு வந்த கப்பல். 'தேவாலயக் கப்பல்' என்றே பெயர். 1960களில் கெர்ஹார்ட் கப்பித்தேன் என்ற ஆய்வாளர் மூழ்கி மூழ்கி எடுத்தார். சமீப வருஷங்களிலும் ஆய்வு நடக்கிறது. ஒவ்வொரு கல்லையும் அளந்து, வரைந்து, எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் என்று சேர்த்துப் பார்க்கிறார்கள். 1,500 வருஷத்துக்கு முந்தைய சரக்குக்கு இவ்வளவு மரியாதை. செய்யட்டும், செய்ய வேண்டியதுதான்.

போர்த்தோபாலோவிலிருந்து 19 கடல் மைல் தள்ளி, 108 மீட்டர் ஆழத்தில் இன்னொரு கப்பல் கிடக்கிறது. எஃப்-174 என்ற சின்னப் படகு. 1996 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கிறிஸ்துமஸ் இரவு. யோஹான் என்ற கப்பலில் வந்தவர்களை நடுக்கடலில் இந்தப் படகுக்கு மாற்றியபோது, மோசமான கடலில் இரண்டும் மோதிக்கொண்டன. குறைந்தது 283 பேர் மூழ்கினார்கள். இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், இலங்கைத் தமிழர்கள். தப்பியவர்கள் கிரேக்கத்தில் கரையேறிச் சொன்னதை அதிகாரிகள் நம்பத் தயாராக இல்லை. உடல் இல்லை, கப்பல் இல்லை, அப்படியொரு விபத்தே இல்லை.

உடல்கள் இருந்தன. போர்த்தோபாலோ மீனவர்களின் வலையில் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. திரும்பக் கடலிலேயே போட்டார்கள். கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை, படகு முடக்கம், தொழில் முடக்கம். ஊருக்கே தெரியும், ஊரே பேசவில்லை. அப்புறம் ஒரு மீனவரின் வலையில் ஓர் அடையாள அட்டை வந்தது. பதினேழு வயது இலங்கைத் தமிழ்ப் பையனுடையது. முகம் தெரிந்தது, பெயர் தெரிந்தது. அந்த மீனவரால் அதைக் கடலில் போட முடியவில்லை. 'லா ரிபுப்ளிகா' நாளிதழின் ஜொவான்னி மரியா பெல்லுவுக்கு அது போய்ச் சேர்ந்தது. 2001 ஜூனில் நீர்மூழ்கிக் கேமரா ஒன்றை இறக்கி அந்தப் படகையும் அதற்குள் இருந்தவர்களையும் படம் எடுத்தார்கள். பெல்லு 2004இல் எழுதிய 'போர்த்தோபாலோவின் ஆவிகள்' இதைத்தான் சொல்கிறது. 2017இல் இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சி தொடராகவும் எடுத்தது. படகை யாரும் மேலே தூக்கவில்லை.

மீனவர்களை வில்லன்களாக்குவது எளிது, அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் செய்தது கொடுமைதான். ஆனால் உடலைக் கரைக்குக் கொண்டுவருகிறவனைத் தண்டிக்கிற மாதிரி சட்டத்தை வைத்திருந்தது அவர்கள் இல்லை. பெல்லுவின் கதையில் என்னை உலுக்குவது வேறு. நாலு வருஷத்துக்கும் மேலாக, இந்த 283 பேருடைய வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பையன் இத்தாலி போயிருப்பான் என்று போனுக்காகக் காத்திருந்தார்கள். அதே நாலு வருஷமும் அந்தக் கடற்கரையில் கோடைக்குக் கோடை குடைகள் விரிந்தன. வந்தவர்கள் மேல் குற்றம் இல்லை, அவர்களுக்குத் தெரியாது. ஆன்னாவை மறந்த சாந்த்ரோவுக்காவது அவளைத் தெரியும்.

தெரியாமல் இருப்பது எப்படி உருவாகிறது என்பதுதான் விமர்சகனின் வேலை என்றால், இந்தப் பட்டியல் அதற்கு நல்ல பாடநூல். அது பொய் சொல்வதில்லை. அந்தக் கடற்கரையின் மணல் வெள்ளைதான், தண்ணி பச்சைதான். மார்த்ஸமேமி மீனும் நன்றாகத்தான் இருக்கும். ஆறாம் நூற்றாண்டுக் கப்பலைப் பற்றி ஒரு பத்திகூட எழுதியிருப்பார்கள்.

*

பலெர்மோவில் இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். வீட்டு வேலை, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, சமையல், கடை. பல்லரோ சந்தைப் பட்டியல்காரர்களுக்குப் "பல வண்ணங்களின் கலவை". இவர்களுக்கு அது காய்கறி வாங்கும் இடம்.

நகரத்துக்கு மேலே பெல்லெக்ரீனோ மலை. அதில் ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோயில். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது இந்தக் குகையில் கண்டெடுத்த அவளுடைய எலும்புகள்தான் ஊரைக் காப்பாற்றியதாக நம்பிக்கை, அன்றிலிருந்து அவள்தான் பலெர்மோவின் காவல் தெய்வம். 1787இல் கத்தே வந்து பார்த்துவிட்டு, குகைக்குள் படுத்திருக்கும் அவள் சிலையில் சொக்கிப்போய் எழுதியிருக்கிறார். பட்டியல்களுக்கு இது 'வியூ பாயின்ட்'.

பலெர்மோ தமிழர்கள் இந்த மலைக்கு ஏறிப் போகிறார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமில்லை, சைவர்களும். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக, பிள்ளைகளோடு. மலைமேல் ஒரு குகை, அதில் ஒரு பெண் தெய்வம், நேர்த்தி வைப்பது, கும்பிடுவது; இதில் அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குகையின் கூரையிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும். கும்பிடுகிறவர்கள் தலையில் விழாமல் இருக்க, பாறையை ஒட்டிக் கோணல்மாணலாக உலோகக் காடிகள் கட்டி வைத்திருக்கிறார்கள். அவை தண்ணீரை ஓரத்துக்குக் கொண்டுபோகின்றன, அந்தத் தண்ணீரைத் தீர்த்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே வந்து கொஞ்சம் தள்ளி நின்றால் கடல் தெரியும்.